கிளாசிக்: வரிப்பதிவேட்டில் பிறந்த ஒரு சொல்

1

"கதை நல்லாத்தான் இருக்கு தோழர். கோபம் இருக்கு, அனுபவம் இருக்கு. ஆனா கிளாசிக் ஆகுமா?"

இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்வருகிற யார் காதிலும் இந்தக் கேள்வி விழுந்திருக்கும். 1990களில் தலித் எழுத்து தமிழில் தன் இடத்தைக் கோரியபோது அதன் முன்னால் வைக்கப்பட்டது இந்தக் கேள்விதான். பெண்கள் தம் உடலை எழுதியபோதும் இதுவேதான். கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நிறையப் படித்தவர், இலக்கியத்தின்மேல் நிஜமான பிரியம் உள்ளவர். அவர் கையில் ஒரு அளவுகோல் இருக்கிறது. அது ரசனையாலும் காலத்தாலும் ஆனது என்று அவர் நம்புகிறார். முதன்முதலில் அது எதை அளப்பதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்டுக்கொள்வதில்லை. நாமும்தான் கேட்டுக்கொள்வதில்லை.

'கிளாசிக்' என்ற சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. தோண்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு சொல்லின் வேர், அதன் இன்றைய பொருள் ஆகிவிடாது. பிறந்த இடத்தைக் காட்டி ஒரு மனிதரை மடக்குவது எவ்வளவு அபத்தமோ அவ்வளவு அபத்தம், வேரைக் காட்டி ஒரு சொல்லை மடக்குவதும். சொற்பிறப்பு ஆராய்ச்சி என்றாலே உலகத்துச் சொல்லையெல்லாம் நம் பேரில் பட்டா போட்டுக்கொள்ளும் காரியம் என்று இங்கே ஒரு பழக்கமும் இருக்கிறது. அந்த ஆசைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம். இப்போதைக்கு நமக்கு வேண்டியது வேறு: ஒரு சொல் எந்த ஏற்பாட்டின் நடுவில் பிறந்தது, யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது, பிறகு அந்த ஏற்பாட்டை எப்படி நம் கண்ணிலிருந்து மறைத்தது?

2

லத்தீனில் 'கிளாஸிஸ்'. கூவி அழைத்தல் என்று பொருள்படும் 'கலாரே' என்ற வினையோடு இதைச் சேர்த்தே ரோமானியர்கள் விளக்கினார்கள். இன்றைய மொழியியலாளர் பலரும் இதை ஏற்கிறார்கள். அதற்கும் பின்னால், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில், கூவுதல் என்ற பொருள்கொண்ட ஒரு வேர். கிரேக்கர்களின் மக்கள் மன்றமான 'எக்லேசியா' அந்த வேரிலிருந்து வந்தது. அழைக்கப்பட்டவர்களின் கூட்டம் என்று பொருள். ரோமில் மாதத்தின் முதல்நாளைப் பூசாரிகள் கூவி அறிவித்தார்கள். அந்த நாளுக்குக் 'கலெண்டே' என்று பெயர். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் அங்கிருந்து வந்தது.

ஆக, கிளாஸிஸ் என்றால் முதலில் ஒரு அழைப்பு. ஆயுதத்தோடு வந்து நில் என்கிற அழைப்பு. அழைப்புக்கு வந்து நின்ற கூட்டத்துக்கும் அதே பெயர். கப்பற்படைக்கும் அதே பெயர். படைக்கு ஊதும் எக்காள ஒலிக்குக் 'கிளாஸிக்கும்'.

யாரை அழைப்பது? இங்கேதான் காசு வருகிறது. ஆரம்பகால ரோமில் படைவீரன் தன் ஆயுதத்தைத் தன் செலவில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். வெண்கலத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் வாங்க முடிந்தவன் முன்வரிசையில் நிற்பான். கவண் மட்டும் கொண்டுவர முடிந்தவன் பின்னால் நிற்பான். எனவே யாரிடம் எவ்வளவு சொத்து என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஆண்டதாகச் சொல்லப்படும் சேர்வியுஸ் துல்லியுஸ் என்ற அரசன் இந்த ஏற்பாட்டைச் செய்ததாக ரோமானிய மரபு சொல்கிறது. தொகைகள் பிற்காலத்தைச் சேர்ந்தவை என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஆனால் அமைப்பின் தர்க்கம் தெளிவாக இருக்கிறது. லிவி தரும் கணக்கின்படி 1,00,000 ஆஸ் காசும் அதற்கு மேலும் சொத்துள்ளவர்கள் முதல் கிளாஸிஸ். பிறகு 75,000, 50,000, 25,000, 11,000 என்று இறங்கி ஐந்து கிளாஸிஸ்.

சொத்தை மதிப்பிட்டுப் பதிவதற்குச் 'சென்ஸஸ்' என்று பெயர். பதிகிற அதிகாரி 'சென்ஸோர்'. அவரே ஒழுக்கத்தையும் கண்காணித்தார். நடத்தை சரியில்லை என்று தோன்றினால் ஒருவரைப் பட்டியலில் கீழே தள்ளும் அதிகாரம் அவருக்கு இருந்தது. வீட்டுக் கதவைத் தட்டி ஆள் எண்ணும் சென்சஸும், சினிமாவில் வசனத்தை வெட்டும் சென்சாரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது தற்செயல் இல்லை. இன்னும் பின்னால் போனால், இதன் வேர் முறைப்படி உரக்க அறிவித்தல் என்ற பொருளுடையது. சமஸ்கிருதத்தின் 'சம்ஸ்', அதாவது துதித்தல், அதன் உறவு. பழைய தமிழ் உரைநடையில் புழங்கிய 'பிரசம்சை' அந்த வழியில் வந்தது. எண்ணுவதும் புகழ்வதும் வெட்டுவதும் ஒரே வேரில்.

ஐந்து கிளாஸிஸ் இருந்தும், 'கிளாஸிக்குஸ்' என்ற பட்டம் எல்லோருக்கும் கிடையாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ஔலுஸ் கெல்லியுஸ் இதைக் குறித்துவைத்திருக்கிறார்: முதல் வகுப்பில் இருந்தவன்தான் கிளாஸிக்குஸ். இரண்டாம் வகுப்பிலிருந்து எல்லோரும் 'வகுப்புக்குக் கீழே'. கி.மு. 169இன் வோக்கோனிய சட்டத்தை ஆதரித்துக் காட்டோ பேசிய பேச்சில் இந்தச் சொற்கள் வருவதால் விளக்குகிறேன் என்கிறார். அந்தச் சட்டம் என்ன செய்தது? முதல் வகுப்புச் செல்வர்கள் பெண்ணைத் தம் வாரிசாக நியமிக்கக் கூடாது என்றது. கிளாஸிக்குஸ் என்ற சொல் நமக்குத் தட்டுப்படும் மிகப் பழைய இடங்களில் ஒன்று, பெண்ணுக்குச் சொத்து போகாமல் தடுத்த ஒரு பேச்சு.

3

இனி ஓட்டுக்கு வருவோம். இதே பட்டியல்தான் வாக்காளர் பட்டியலும். மக்கள் 193 குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். குழுவுக்கு ஒரு வாக்கு. குதிரைப்படைச் செல்வர்களுக்கு 18 குழு, முதல் வகுப்புக்கு 80. இரண்டும் சேர்ந்தால் 98; பாதிக்கு மேல். அடுத்த நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்து 90 குழு. கைவினைஞருக்கும் எக்காளக்காரருக்கும் நான்கு. சொத்தே இல்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழு. அந்த ஒரு குழுவில் இருந்தவர்கள், முதல் வகுப்பு முழுவதிலும் இருந்தவர்களைவிட ஏறக்குறைய அதிகம் என்று சிசரோவே ஒப்புக்கொள்கிறார். எண்ணிக்கையில் அதிகமானவர்களிடம் அதிகாரம் அதிகமாகிவிடக் கூடாது என்பதுதான் ஏற்பாட்டின் நோக்கம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை, பாராட்டாகவே சொல்கிறார்.

ஓட்டு மேலிருந்து கீழே வரிசையாக அழைக்கப்படும். பெரும்பான்மை கிடைத்ததும் எண்ணிக்கை நிற்கும். மேலே இருப்பவர்கள் ஒத்துப்போனால் இரண்டாம் வகுப்பையே கூப்பிட வேண்டியதில்லை. கடைசிக் குழுவரை அழைப்பு போனது அபூர்வத்திலும் அபூர்வம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ரோம் ஏழையின் வாக்குரிமையைப் பறிக்கவில்லை. அவன் பெயர் பட்டியலில் இருந்தது. வாக்குக் களத்துக்கு வந்து வெயிலில் நிற்கவும் செய்தான். அவன் முறை வருவதற்குள் தேர்தல் முடிந்துபோகும், அவ்வளவுதான். விலக்குதல் என்றால் கதவைச் சாத்துவது என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். கதவைத் திறந்துவைத்துவிட்டு, அழைக்கும் வரிசையை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்வது அதைவிடச் சிக்கனமான விலக்கு.

கடைசியில் நின்றவனுக்கு என்ன பெயர்? 'ப்ரோலெடாரியுஸ்'. 'ப்ரோலெஸ்' என்றால் பிள்ளை, சந்ததி. அரசுக்கு வரியாகவோ ஆயுதமாகவோ தர எதுவும் இல்லாதவன், பிள்ளைகளை மட்டும் தர முடிந்தவன். ப்ரோலெஸின் அடியில் 'அலேரே', ஊட்டி வளர்த்தல். ஆங்கிலத்தில் விவாகரத்தான மனைவிக்குத் தரும் ஜீவனாம்சத்தைக் குறிக்கும் 'அலிமோனி', படித்து வெளியேறிய மாணவரைக் குறிக்கும் 'அலும்னி', வளர்ந்த ஆளைக் குறிக்கும் 'அடல்ட்' எல்லாம் இந்த வேரில்தான். 'ஓல்ட்' கூட முதலில் வளர்க்கப்பட்டது என்ற பொருள் கொண்டதுதான்.

அப்படியானால் ப்ரோலெடாரியுஸ் என்ற ஆண்பால் சொல்லுக்குள் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். பிள்ளையை மட்டுமே தர முடிந்தவன் என்கிறார்களே, அந்தப் பிள்ளையைப் பெற்றது யார்? ஊட்டி வளர்த்தது யார்? பதிவேட்டில் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் செய்த வேலையைத்தான் அவன் பெயராக எழுதினார்கள். 1972இல் மரியாரோசா தல்லா கோஸ்தாவும் செல்மா ஜேம்ஸும் வீட்டுவேலையைப் பற்றி எழுதியபோது, உழைப்புச் சக்தியை உற்பத்தி செய்வது யார் என்று மார்க்சியத்தை நோக்கிக் கேட்டார்கள். அதற்கான விடை ஈராயிரம் ஆண்டுகளாக அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடந்தது.

தமிழில் இதைப் 'பாட்டாளி' என்று பெயர்த்தவர்கள் வேறொரு காரியம் செய்தார்கள். பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் துன்பம். 'என்ன பாடுபட்டேன் தெரியுமா' என்று நம் அம்மாக்கள் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. ரோமானியச் சொல் இல்லாமையைச் சொன்னது. தமிழ்ச் சொல் செய்கையைச் சொல்கிறது. இது பெரிய லாபம். ஆனால் சொல்லுக்குள் இருந்த பிள்ளை போயிற்று. பிள்ளையோடு தாயும் போனாள். நம் தொழிற்சங்க மேடைகளில் அவள் வெகுகாலம் காணாமல் போயிருந்ததற்கு இந்த மொழிபெயர்ப்பு காரணம் என்று சொன்னால் அது மிகை. அடையாளம் என்று சொல்லலாம்.

4

சரி, வரிப்பதிவேட்டிலிருந்து இந்தச் சொல் இலக்கியத்துக்குள் எப்படி வந்தது?

அதற்கும் கெல்லியுஸ்தான் சாட்சி. அவருடைய 'ஆட்டிக் இரவுகள்' ஒரு படிப்பாளியின் குறிப்பேடு. அதில் இரண்டு காட்சிகள்.

முதல் காட்சியில், விடுமுறை நாளில் என்னியுஸின் காவியத்தை வாசிக்கிறார்கள். ப்ரோலெடாரியுஸ் என்ற சொல் வருகிறது. யாருக்கும் பொருள் தெரியவில்லை. சட்டம் படித்த நண்பரைக் கேட்டால், நான் இலக்கணக்காரன் இல்லையே என்று நழுவுகிறார். பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே இந்தச் சொல் இருக்கிறதே என்று கெல்லியுஸ் மடக்குகிறார். பழைய சட்டமெல்லாம் தூங்கிப்போய் எவ்வளவோ காலமாயிற்று என்கிறார் வழக்கறிஞர். கடைசியில் அந்த வழியாக வந்த ஒரு கவிஞர்தான் விளக்குகிறார்: 1,500 ஆஸுக்கு மேல் இல்லாதவன் ப்ரோலெடாரியுஸ், 375க்கு மேல் இல்லாதவன், அல்லது ஒன்றுமே இல்லாதவன், தலையை மட்டும் எண்ணிப் பதியப்பட்டவன். பிணை நிற்பது பற்றி அந்தப் பழைய சட்டத்தில் ஒரு விதி உண்டு: சொத்துள்ளவனுக்குச் சொத்துள்ளவன்தான் பிணை நிற்க வேண்டும், ப்ரோலெடாரியுஸுக்கு விரும்பியவர் நிற்கலாம்.

இரண்டாம் காட்சி ஃப்ரொன்டோவின் வீட்டில். மார்க்குஸ் ஔரேலியுஸுக்கு ஆசிரியராக இருந்த ஃப்ரொன்டோ. பேச்சு இலக்கணம் பற்றியது. மணல் என்ற சொல்லைப் பன்மையில் சொல்லலாமா? நாற்குதிரைத் தேரைக் குறிக்கும் சொல்லை ஒருமையில் சொல்லலாமா? ஜூலியஸ் சீஸர் கூடாது என்று எழுதியிருக்கிறார். ஃப்ரொன்டோ தன் விருந்தினரை ஒரு வேலை சொல்லி அனுப்புகிறார். பழைய பேச்சாளர், கவிஞர் கூட்டத்தில் யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப்பாருங்கள். யாராவது என்றால் யார்? கிளாஸிக்குஸும் அஸ்ஸிதுவுஸும் ஆன எழுத்தாளர், ப்ரோலெடாரியுஸ் அல்ல.

எழுத்தாளனுக்குக் கிளாஸிக் என்ற அடைமொழி நமக்குத் தெரிந்து முதன்முதலில் ஒட்டியது இங்கேதான். மணலைப் பன்மையில் சொல்லலாமா என்ற, யாருக்கும் வலிக்காத ஒரு கேள்வியின் நடுவில். அதிகாரம் மொழிக்குள் நுழையும்போது பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. சந்திப் பிழையைத் திருத்துகிற பாவனையில்.

'அஸ்ஸிதுவுஸ்' தனியாகக் கவனிக்க வேண்டிய சொல். 'அருகில் அமர்ந்தவன்' என்பது அதன் அமைப்பு. சொந்த நிலத்தில் உட்கார்ந்திருப்பவன், நிலைகொண்டவன், ஆகவே வரி செலுத்துபவன். இதே அமர்தலிலிருந்துதான் ஆங்கிலத்தில் வரி விதிப்பதற்கும் தரம் மதிப்பிடுவதற்கும் ஆன 'அஸெஸ்' வந்தது. மூலவேர் சமஸ்கிருதத்தில் 'சத்': உபநிஷத், பரிஷத், சதஸ் எல்லாம் உட்காருவதைப் பற்றிய சொற்கள். யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'அஸ்ஸிதுவுஸ்' பிற்பாடு ஆங்கிலத்தில் 'அஸிடுவஸ்' ஆகி, விடாமுயற்சி உள்ளவர் என்று பொருள் கொண்டுவிட்டது. நிலத்தின்மேல் உட்கார்ந்திருந்தவன் உழைப்பாளி ஆகிவிட்டான். பிள்ளை வளர்த்தவன் வசைச்சொல் ஆகிவிட்டான்.

ஃப்ரொன்டோவைப் பற்றி இன்னொன்று. அவர் ரோம் நகரத்துப் பழங்குடி அல்ல. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவின் சிர்ட்டாவில் பிறந்தவர். ஒரு கடிதத்தில் தன்னை லிபிய நாடோடி என்று சொல்லிக்கொண்டவர். விளிம்பிலிருந்து வந்தவர்தான் மையத்தின் மொழிக்குக் காவல் நிற்கிறார். அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. முதல் தலைமுறையாகப் படித்து, இலக்கணம் தப்பிவிடுமோ என்று பயந்து பயந்து எழுதிய நம்மில் பலருக்கு அந்தக் காவல்காரர் யார் என்று தெரியும்.

5

அதன்பின் ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் இந்தப் பொருளில் அந்தச் சொல் புழங்கியதாகச் சொல்ல முடியாது. மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் கெல்லியுஸை வாசித்து அதை மீட்டெடுத்தார்கள். 1548இல் பிரெஞ்சில் தோமா ஸெபியே பழைய நல்ல கவிஞர்களைக் கிளாசிக் என்றார். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல் நிலைபெற்றது. இதற்குள் கிளாஸ் என்பது பள்ளிக்கூட வகுப்பும் ஆகிவிட்டிருந்ததால், வகுப்பில் பாடமாக வைக்கத் தகுந்தவர் என்ற சாயலும் கூடிக்கொண்டது. காசு கண்ணுக்குத் தெரியாமல் போனது.

1850இல் 'கிளாசிக் என்றால் என்ன' என்று எழுதிய சாந்த்-பவுக்கு இந்த ரோமானியக் கணக்கு தெரியும், சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். 1944இல் அதே தலைப்பில் பேசிய டி. எஸ். எலியட் முதிர்ச்சி என்ற சொல்லை மையத்தில் வைக்கிறார். மனத்தின் முதிர்ச்சி, மொழியின் முதிர்ச்சி. முதிர்வதற்கு நிலமும் ஓய்வும் யாருக்கு வாய்த்தன என்ற கேள்வி அங்கே எழவில்லை. 1948இல் ஏர்ன்ஸ்ட் ராபர்ட் குர்ட்டியுஸ் ஃப்ரொன்டோவின் வாக்கியத்தைத் தூக்கிக் காட்டி, மார்க்சிய இலக்கியச் சமூகவியலுக்கு இது நல்ல தீனியாயிற்றே என்று கிண்டலாகச் சொன்னார். அவர் மார்க்சியர் அல்ல. ஆனாலும் கண் தப்பவில்லை.

எதிர்முனைச் சொல் இன்னொரு வழியில் போயிற்று. 1832இல் பாரிஸ் நீதிமன்றத்தில் தொழில் என்னவென்று கேட்டதற்குப் பிளாங்க்கி, ப்ரொலெதேர் என்றார். அது ஒரு தொழிலே இல்லையே என்றார் நீதிபதி. மூன்று கோடிப் பிரெஞ்சு மக்களின் தொழில் அதுதான் என்றார் பிளாங்க்கி. ரோமில் ப்ரோலெடாரியுஸ் சமூகத்தின் செலவில் வாழ்ந்தான், நவீன சமூகமோ பாட்டாளியின் செலவில் வாழ்கிறது என்ற சிஸ்மோந்தியின் வேறுபாட்டை 1869இல் மார்க்ஸ் நினைவூட்டினார். வசைச்சொல்லை எடுத்துத் தன் பெயராகச் சூட்டிக்கொண்டவர்கள் சொல்லின் பொருளையே புரட்டிப்போட்டார்கள். வேர் விதியல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ப்ரோலெடாரியுஸைப் புரட்டிய நாம், கிளாசிக்கை அப்படியே விட்டுவைத்தோம். பாட்டாளிகளின் கிளாசிக்குகள் என்று பட்டியல் போட்டதுதான் நாம் செய்தது. அதாவது பதிவேட்டைக் கிழிக்கவில்லை. நம் ஆட்களையும் முதல் வகுப்பில் பதியச் சொல்லி மனுக் கொடுத்தோம்.

6

இந்த மனுவின் கதை நம் மொழிக்கும் உண்டு. 1903இல் வெளிவந்த 'தமிழ்மொழியின் வரலா'ற்றில் பரிதிமாற் கலைஞர் தமிழை உயர்தனிச் செம்மொழி என்று நிறுவினார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனுமே கிளாசிக்கல் என்று பல்கலைக்கழகங்கள் பேசிய காலத்தில் அது ஒரு எதிர்ப்புக் குரல். அதன் நியாயத்தை இன்றும் மறுக்க முடியாது. 2004 அக்டோபரில் இந்திய அரசு செம்மொழி என்ற வகையை உருவாக்கித் தமிழை முதலில் அறிவித்தது. ஆயிரம் ஆண்டுத் தொன்மை வேண்டும் என்றிருந்த தகுதி, 2005இல் 1,500 முதல் 2,000 ஆண்டு என்று உயர்த்தப்பட்டது. 2024 அக்டோபரில் பட்டியல் பதினொரு மொழிகளாக நீண்டது. ஆஸ் கணக்குக்குப் பதில் ஆண்டுக் கணக்கு. ஒவ்வொரு மொழியும் தன் கல்வெட்டையும் ஏட்டையும் சொத்துப் பத்திரம்போல எடுத்துக்கொண்டு அலுவலக வாசலில் நிற்கிறது. உலகச் சொல்லுக்கெல்லாம் பட்டா கேட்கும் சொற்பிறப்பு ஆசையும் இந்த வாசலில் நிற்பதுதான்.

பத்திரம் இல்லாதவர் என்ன செய்வது? நீலகிரியில் தோடர் மொழி, கோத்தர் மொழி, இருளர் மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் தமிழின் சொந்தக்கார மொழிகள். தோடரின் பாட்டு மரபு எவ்வளவு நுட்பமானது என்று எமனோ ஒரு பெரும் நூலே போட்டிருக்கிறார், 1971இல். வாய்மொழிக்கு வயது எழுதி யார் கையொப்பம் போடுவார்கள்? நாம் முதல் வகுப்பில் பதியப்பட்ட அதே ஏற்பாட்டில் அவர்கள் 'வகுப்புக்குக் கீழே'. நம் வெற்றியைக் கொண்டாடிய இரைச்சலில் இது நம் காதில் விழவில்லை.

'வகுப்பு' என்ற நம் சொல்லும் சாதாரணமானதல்ல. 'வகு' என்றால் பிரி. பள்ளிக்கூடத்தில் அது வகுப்பு. 'வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்' என்று சொன்னபோது அது சாதி, மதம். 'வகுப்புவாதம்' என்றால் மதவெறி. ரோமின் கிளாஸிஸ் சொத்தை எண்ணியது. நம் வகுப்பு பிறப்பை எண்ணியது. அதனால்தான் கிளாஸ் வேறு, சாதி வேறு என்று இங்கே எளிதாகப் பிரித்துப் பேசிவிட முடிவதில்லை.

ஒரு விஷயத்தில் நம் மரபு ரோமைவிட வெளிப்படையானது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்று பதிந்துவைத்திருக்கிறது. தொகுத்தல் வேறு, தொகுப்பித்தல் வேறு. செலவு யாருடையது, ஆணை யாருடையது என்பதை அந்தப் பிறவினை விகுதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்று பாடத்திட்டம், விருது, மறுபதிப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு எதிலும் தொகுப்பித்தவர் பெயர் அட்டையில் வருவதில்லை. காலம் தேர்ந்தெடுத்தது என்கிறார்கள். காலத்துக்குக் கையுமில்லை, காசுமில்லை. வரிசையை அமைத்தவர்களுக்கு இரண்டும் உண்டு.

இதனால் பழைய பெரும்பிரதிகளைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அகநானூறு பாண்டியன் செலவில் தொகுக்கப்பட்டதால் அதன் பாட்டு பொய்யாகிவிடாது. வாசிப்போம், கொண்டாடுவோம். ஆனால் 'இது கிளாசிக்' என்று சொல்லும்போது நாம் ஒரு பிரதியின் குணத்தை மட்டும் சொல்வதில்லை. அழைப்பு எந்த இடத்தில் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த இரண்டாவது பாதியை விழுங்காமல் சொல்லப் பழக வேண்டும். விமர்சகர் என்பவர் சென்ஸோராக இருக்கலாம். அழைக்கப்படாதவர்களின் முறை வரும்வரை எண்ணிக்கையை முடிக்க விடாதவராகவும் இருக்கலாம்.

எனவே அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து 'இது கிளாசிக் ஆகுமா?' என்று கேட்டால் கோபப்பட வேண்டியதில்லை. ஆகும் என்று பத்திரத்தை நீட்டவும் வேண்டியதில்லை. திருப்பி ஒன்று கேட்டால் போதும்:

"ஓட்டு எந்த வகுப்போட நின்னுச்சு தோழர்?"